யுத்த காலத்து ஒரு மணி நேரம்

எழுபதுகளின் தொடக்கத்தில் சென்னையில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு வேலை கிடைத்தது. வீடு திருவள்ளூரில். காலையில் ஒரு பாசஞ்சர் ரயில், மாலையில் ஒரு பாசஞ்சர் ரயில். கூட வரும் பெண்கள் எல்லாம் டீச்சர்கள், டைப்பிஸ்டுகள். என் வேலை என்னவென்று அவர்களுக்குப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை.

"அந்த மிஷினு இன்னாதான் செய்யும்?" என்று வேப்பம்பட்டில் ஏறும் டீச்சர் ஒருவர் கேட்பார்.

"சம்பளக் கணக்கு போடும்."

"அதுக்குத்தான் எங்க ஸ்கூல்ல கிளார்க் இருக்காரே" என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து பூ கட்ட ஆரம்பித்துவிடுவார்.

கம்ப்யூட்டர் ஒரு பெரிய அறை முழுக்க இருந்தது. அதற்கு மட்டும் ஏ.சி. உண்டு, எங்களுக்குக் கிடையாது. அதனால் வெயில் காலத்தில் எல்லோருக்கும் அந்த அறையில் ஏதாவது அவசர வேலை இருக்கும். நாங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் ஓட்டை போட்ட ஓர் அட்டையாகும். அட்டைகளை அடுக்கிக் கொடுத்தால் மிஷின் ஒவ்வொன்றாக விழுங்கி, கடகடவென்று அகலமான தாளில் விடையைத் துப்பும்.

அந்த வருஷம் கம்பெனியின் ஆண்டு விழாவுக்கு ஊழியர்களைக் குடும்பத்தோடு அழைத்தார்கள். எங்கள் மேலாளருக்கு ஒரு யோசனை வந்தது. "வர்றவங்களுக்கு மிஷினை சும்மா காட்டினா கொட்டாவி விடுவாங்க. பிறந்த தேதியும் நேரமும் கொடுத்தா ஜாதகக் கட்டம் அடிச்சுத் தரட்டும்" என்றார். கிரகங்கள் எந்த ராசியில் நிற்கின்றன என்று கணக்கிடும் பகுதியை என் சீனியர் ஒருவர் எழுதினார். பிறந்த நேரம், ஊர், சூரிய உதயம், லக்கினம் எல்லாம் என் பங்கு. ஒரே வருத்தம், லக்கினம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அடுத்த ராசிக்கு மாறிவிடும். நேரத்தில் கொஞ்சம் பிசகினாலும் கட்டம் முழுவதும் பிசகும். ஆனால் இந்தியாவுக்கு ஒரே நேரம்தானே, கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால். ஒரு எண், ஒரு அட்டை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

இங்கே என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிட நான்கு வயது மூத்தவள். திருவள்ளூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். அப்போது கும்மிடிப்பூண்டிப் பக்கம் புதிதாகத் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்த ஒருவர், திருவள்ளூரில் இருந்த ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடைக்கு அடிக்கடி டிரங்க் கால் போடுவார். லைன் கிடைக்கக் காத்திருக்கும் நேரத்தில் அக்காவும் அவரும் பேச ஆரம்பித்தார்கள். முதலில் மழை பெய்கிறதா என்று. பிறகு மத்தியானம் என்ன சாப்பாடு என்று. அந்தத் தொழிற்சாலையில் அத்தனை மோட்டார்களும் எப்படி எரிந்துபோகின்றன என்று ரீவைண்டிங் கடைக்காரருக்கே சந்தேகம் வந்துவிட்டதாம்.

ஒருநாள் அவர் நேரிலேயே வந்தார். எக்ஸ்சேஞ்ச் வாசலில் அக்காவைப் பார்த்து, "குரலை வெச்சி நீங்க இன்னும் ஒயரமா இருப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாராம். "குரலை வெச்சி நீங்க இன்னும் கம்மியா பேசுவீங்கன்னு நெனச்சேன்" என்றாளாம் இவள். அன்று இரவு எனக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

விசாரித்தால் சொந்தம் போலவே இருந்தது. இறந்துபோன எங்கள் அப்பா ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன் என்றாலும் பூர்வீகம் பழவேற்காட்டு ஏரிக்கரைதான். அவர்களும் அதே கரையில் மீன்பிடிக்கும் குடும்பம். அவருடைய அம்மா வந்து பெண்ணைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, ஜாதகம் வாங்கிப் போனார். அங்கேதான் நின்றது. அக்காவுக்குப் பன்னிரண்டாம் இடத்தில் செவ்வாய். அவருக்குத் தோஷம் கிடையாது. சேர்த்தால் மாப்பிள்ளைக்கு ஆகாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். "வேற எதுன்னா கேளு நைனா, செய்றேன். இது மட்டும் வேணாம்" என்று அவர் அம்மா அழுதாராம். அதற்கு மேல் அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் மோட்டார்கள் மட்டும் தொடர்ந்து எரிந்தன.

புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க எனக்கு நிறைய ஜாதகங்கள் தேவைப்பட்டன. ஆபீஸில் எல்லோரிடமும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். ஜோசியர்கள் கையால் எழுதியதும் மிஷின் அடித்ததும் பொருந்தின. அக்காவுடையதையும் போட்டேன். அதுவும் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. எனக்கு ஒரே பெருமை. அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய் அவளிடம் காட்டினேன்.

அவள் கட்டத்தைப் பார்க்கவே இல்லை. கீழே இருந்த வரியைப் படித்தாள். "இது இன்னாடி, சூரிய உதயம் ஆறரைன்னு போட்டுக்கீது?"

"நீ பொறந்த அன்னிக்கு சூரியன் ஆறரைக்கு உதிச்சுதுன்னு அர்த்தம்."

"நான் பொறந்தது ஏழு மணிக்கு. அப்படின்னா விடிஞ்சப்புறம். அம்மா இன்னா சொல்லுவா?"

எங்கள் வீட்டில் அது வருஷா வருஷம் சொல்லப்படும் கதை. பொங்கலுக்கு முந்தின நாள், காலை ஏழு மணி, கும்மிருட்டு, லாந்தரில் எண்ணெய் தீர்ந்து மருத்துவச்சி சத்தம் போட்டது. அம்மா இதைச் சொல்லும்போது நாங்களும் கூடவே ஒப்பிப்போம். ஏழு மணிக்கு எப்படி இருட்டாக இருக்கும் என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை.

அம்மா அடுப்பங்கரையில் கருவாட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். இருவரும் ஓடிப்போய்க் கேட்டோம்.

"இருட்டாத்தான் இருந்திச்சி. அதுக்கு இன்னா இப்ப?"

"மணி ஏழுன்னு யார் சொன்னது?"

"உங்கப்பாதான். ஸ்டேஷன் கடியாரத்தைப் பாத்துட்டு வந்து எழுதினாரு. அவரு வேற எந்தக் கடியாரத்த நம்பினாரு?"

"அது தப்பா ஓடிச்சா?"

"ரயில்வே கடியாரம் எங்கடி தப்பா ஓடும்? அது யுத்த டைமு. ஊரு பூரா கடியாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வெச்சிருந்தாங்கோ. விடியறதுக்குள்ள ஏழாயிடும், வெயில் தாழறதுக்குள்ள மணி ஆயிடுச்சின்னு சொல்லிக்கினு ஊட்டுக்கு வந்துடுவாரு உங்கப்பா. எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே."

எல்லோருக்கும் தெரிந்த கதை, எங்கள் இருவரையும் தவிர. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினேன். உண்மையான நேரம் ஆறு. அப்போது மகரம் உதிக்கவில்லை, தனுசு லக்கினம். செவ்வாய் இருப்பது தனுசில். பன்னிரண்டாம் இடம் என்பது லக்கினமாகிவிடும். எங்கள் பக்கத்துக் கணக்கில் அது தோஷமே இல்லை. சொன்னதும் அக்கா கருவாட்டுத் தண்ணீர்ச் சட்டியைத் தட்டிவிட்டு அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, சட்டி போயிற்றே என்று திட்டினார்.

மறுநாள் ஆபீஸில் மேலாளரிடம் சொன்னேன். அவர் பழைய பத்திரிகைகள் இருக்கும் நூலகத்துக்கு என்னை அனுப்பினார். தேடினால் இன்னும் வேடிக்கை. யுத்தத்தில் கடிகாரத்தை ஒரே தடவையில் தள்ளிவைக்கவில்லை. முதலில் சில மாதம் தள்ளி, ஒரு கோடையில் பழையபடி திருப்பி, மழைக்காலம் வருவதற்குள் மறுபடி தள்ளி, யுத்தம் முடிந்த பிறகுதான் விட்டிருக்கிறார்கள். என் ஒற்றை அட்டை ஒரு கட்டு அட்டைகளானது. இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை ஆறரை, பிறகு ஐந்தரை, பிறகு மறுபடி ஆறரை. அவற்றை மிஷின் விழுங்கி அக்காவுக்குத் தனுசு லக்கினம் என்று அடித்தபோது, அந்தக் குளிர் அறையில் எனக்கு வியர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் அக்காவும் நானும் செங்குன்றத்தில் பஸ் மாறி, சோழவரம் தாண்டி, கும்மிடிப்பூண்டியில் அவர் தன் அம்மாவோடு குடியிருந்த வீட்டுக்குப் போனோம். பெண் வீட்டார் இப்படிப் போவது வழக்கமில்லை என்று அம்மா வழியெல்லாம் முணுமுணுத்தார். ஆனால் நல்ல புடவை கட்டியிருந்தார்.

அவருடைய அம்மா தாளைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்தார். நான் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார். "ஆமா, யுத்த டைமு. எனக்கும் ஞாபகங்கீது" என்றார். தெருக்கோடியில் இருந்த அதே ஜோசியரை ஆள் அனுப்பி வரவழைத்தார். அவரும் தகராறு செய்யவில்லை. "ஸ்டேஷன் டைம்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கழிச்சிருப்பேனே" என்று சொல்லி, கணக்குப் போட்டுச் சரி என்றார்.

எல்லோரும் சிரிக்க ஆரம்பித்த நேரத்தில் அவர், எங்கள் வருங்கால மாமா, மெதுவாகக் கேட்டார். "நானும் யுத்தத்துலதானே பொறந்தேன். அப்ப எனக்கும் கழிக்கணுமில்ல?"

ஜோசியர் மறுபடி விரல்விட்டார். நானும் விரல்விட்டேன். இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினோம். ஒரு மணி கழித்தால் அவருடைய லக்கினம் ஒரு ராசி பின்னால் போனது. ஆறாம் இடத்துச் செவ்வாய் ஏழுக்கு வந்துவிட்டது. இப்போது தோஷம் அவருக்கு, பெண்ணுக்கு இல்லை.

அக்கா அவரைப் பார்த்தாள். "வாயை வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா?" என்றாள். அதுவரை அவர் அம்மா முன்னால் தலை நிமிராதவள்.

அவர் அம்மாவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். ஆனால் அவர் ஜோசியர் பக்கம் திரும்பினார். "இவனுக்கு இன்னாத்த கழிக்கிறீங்கோ? இவன் பொறந்தப்ப எங்க குப்பத்துல ஏது கடியாரம்?"

"அப்புறம் நேரம் எப்படி எழுதினாங்க?" என்றார் ஜோசியர்.

"தண்ணிக்கு அந்தாண்ட பள்ளிவாசல்ல மத்தியானப் பாங்கு சொல்லி முடிச்சாங்கோ, இவன் பொறந்தான். பாங்குன்னா நெழல பாத்துத்தான், அத வெச்சித்தான் நேரம் எழுதினது. யுத்தம் வந்துச்சின்னு சூரியன் முன்னால போவுமா? அவங்க அந்தப் புது டைம எடுத்துக்கவே இல்ல. கொளம்பு வெக்கிறதிலேர்ந்து வலை காயப்போடறவரைக்கும் எங்களுக்கு அந்தப் பாங்குதான்."

ஜோசியர் சிரித்துவிட்டார். "அப்ப கழிக்க வேணாம். எழுதினபடிக்கே இருக்கட்டும்" என்றார். செவ்வாய் மறுபடி ஆறாம் இடத்துக்குப் போனது. அவர் அம்மா எழுந்துவந்து அக்காவின் தலையில் கை வைத்து, "இப்பவே அவன் வாய அடக்கிட்டியே, நல்லா இருப்ப" என்றார்.

திங்கட்கிழமை என் அட்டையில் இன்னொரு கட்டம் சேர்த்தேன். நேரம் கடிகாரத்தில் பார்த்ததா, வேறு எப்படியாவது தெரிந்ததா என்று. ஆண்டு விழாவில் அந்தக் கேள்விக்குத்தான் கூட்டம் கூடியது. ஒருவர் மில் சங்கு ஊதியபோது பிறந்தவர். ஒரு கணக்காளரின் மனைவி, மாடு கன்று போட்ட அதே நேரம் என்றார். ஒரு தாத்தா, வீட்டில் புது டைம் கடிகாரம் ஒன்றும் பழைய டைம் கடிகாரம் ஒன்றும் இருந்தன, எதைப் பார்த்தார்களோ தெரியாது என்று தன் மகளுக்கு இரண்டு ஜாதகமும் அடிக்கச் சொல்லி, நல்லதாகத் தெரிந்ததை வைத்துக்கொண்டார். மேலாளர் யாருக்கும் இல்லை என்று சொல்லவில்லை. மாலைவரை மிஷின் ஓடியது.

திருப்பாச்சூர் கோயிலில் கல்யாணம் நடந்தது. மறுவாரம் பழவேற்காட்டுக்கு விருந்துக்குப் போனோம். ஏரிக்கு நடுவில் இருந்த மாமாவின் குப்பத்துக்குப் படகில் போக வேண்டும். இருபது பேர் ஏறினோம், நடுவழியில் படகு மணல் திட்டில் ஏறி நின்றுவிட்டது. படகோட்டி தம்பிகளும் கூட வந்த ஆண்களும் இறங்கித் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. பெண்கள் இறங்கினால்தான் நகரும் என்றார்கள். முதலில் அக்கா பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் குதித்தாள். பிறகு நான். பிறகு இரண்டு அம்மாக்களும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். எல்லோரும் சேர்ந்து தள்ளினோம். படகு சட்டென்று விடுபட்டு எங்களை விட்டுவிட்டு முன்னால் போனது. அதில் பலகாரம் நனையக் கூடாதென்று இறங்காமல் இருந்த மாமா மட்டும், மடியில் தூக்கோடு, ஏரி நடுவே தனியாகப் போய்க்கொண்டிருந்தார். கரையில் இறால் வறுக்கும் வாசனை காற்றில் வந்தது. நாங்கள் தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டே இருந்தோம்.