எட்டாவது வாரத்து உப்பு

இருபது ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டில் பி.எஸ்சி. வேதியியல் படித்தேன். எம்.எஸ்சி. விண்ணப்பத்துக்கு வலுச் சேர்க்க, வாரந்தோறும் மாமல்லபுரம் போய்க் கடல்நீர் எடுத்து, அதிலுள்ள உப்பின் அளவைச் சோதித்தேன். மொத்தம் பத்து வாரம். எட்டாவது வாரம் அடைமழை.

"பஸ்ஸு எதுவும் போவல. வூட்டுக்குப் போம்மா!" என்றார் கண்டக்டர்.

திரும்பிவிட்டேன். முந்தைய வாரத்து அளவையே சற்று மாற்றி எழுதிவிட்டேன்.

நேர்முகத் தேர்வில் ஒரு பேராசிரியை என் அறிக்கையில் எட்டாவது வாரத் தேதியைப் பார்த்து நிமிர்ந்தார்.

"அவ்ளோ மழையில உப்பு குறைஞ்சிருக்கணுமே? அன்னிக்குப் போனியாம்மா?"

போனேன் என்று சொல்ல வாயெடுத்தேன்; முடியவில்லை.

"போகல மேடம். நானா எழுதிட்டேன்."

அவர் என் ஆய்வக நோட்டை வாங்கி, மற்ற ஒன்பது வாரக் கணக்குகளையும் அங்கேயே மறுபடி போடச் சொன்னார். போட்டேன். ஒன்பதும் சரியாக வந்தன.

"அந்த ஒண்ண அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடு," என்றார்.

தேர்வானவர்கள் பட்டியலில் கடைசிப் பெயர் என்னுடையது.

இப்போது ஓர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அளவு எடுக்க முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விட்டு, அருகில் காரணத்தை எழுதிவிடுகிறேன்.