சலம் பாக்கிற உத்தியோகம்

மற்ற ஆக்கள் மூத்திரம், மரியாதையாச் சொன்னால் சலம், போறதைப் பக்கத்தில நிண்டு பாக்கிறதுதான் என்ர வேலை. சிரிக்காதேங்கோ, அதுக்குச் சம்பளமும் தருகினம். கலியாண வீட்டில "என்ன வேலை செய்யிறியள்?" எண்டு ஆராவது கேட்டால், "லாப்பில" எண்டு சொல்லிப்போட்டுப் பாயாசத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்குற ஆக்கள் உங்களுக்கையும் இருப்பினம். அவைக்குத்தான் இதை எழுதுறன்.

எங்கட பரிசோதனைக்கூடம் ஜேர்மனியில, கெல்சென்கிர்ச்சனில கிடக்கு. போதைப்பொருள் வழக்கில மறியலுக்கு, அதுதான் ஜெயிலுக்கு, போய், மிச்சத் தண்டனையைப் பரோலில வெளியில கழிக்கிற ஆக்கள் இஞ்ச வருவினம். எப்ப கூப்பிடுவம் எண்டு அவைக்குத் தெரியாது. போன் வந்தால் அடுத்த நாள் வந்து கோப்பையை நிரப்பவேணும். வேற ஆற்றையும் சலத்தைக் கொண்டுவந்து ஊத்தாமல் பாக்கத்தான் நான்.

பழைய மாணவன்

சுதன் முதல் நாள் என்னைக் கண்டதும் சுவரோட ஒட்டிப்போனான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில அவனுக்கு அ, ஆ படிப்பிச்சது நான்தான். இப்ப வளந்து, கஞ்சா வித்து, மறியலும் பாத்திட்டு வந்து நிக்கிறான். ரெண்டு பேருக்கும் எங்க பாக்கிறதெண்டு தெரியேல்லை. ஆனால் சட்டப்படி நான் பாக்கவேண்டிய இடம் ஒண்டுதானே!

பைப்பைத் திறந்து விட்டன். இருமினன். மழையைப் பற்றிக் கதைச்சன். ஒரு சொட்டு? ம்ஹூம். கடைசியில அழுவாரைப்போலச் சொன்னான்: "சேர், பாட்டுப் பாடச் சொல்லுங்கோ, பாடுறன். இது மட்டும் ஏலாது சேர்."

வெள்ளைப் பவுடர்

உள்ள போக முதல் சட்டைப் பையில இருக்கிறதையெல்லாம் மேசையில வைக்கவேணும். அடுத்தமுறை சுதன் வைச்சதில ஒரு சின்னப் பிளாஸ்டிக் பையும் இருந்தது. உள்ளுக்கு வெள்ளைப் பவுடர். என்னோட வேலை செய்யிற ஜேர்மன்காரி சபீனா உடன கையுறையைப் போட்டுக்கொண்டு போனைத் தூக்கினா. "அம்மா தந்தது சேர்" எண்ட சுதனுக்கு வேர்த்துக் கொட்டுது.

"ஐயோ, அது தாய் குடுத்துவிட்ட திருநீறு!" எண்டன். அதென்னெண்டு சபீனா கேட்டா. மாட்டுச் சாணத்தைச் சுட்டு எடுக்கிறதெண்டு விளக்கினன். அதோட இன்னும் பயந்திட்டா. வேற வழியில்லாமல் ஒரு கிள்ளு எடுத்து நெத்தியில பூசிக் காட்டினன். கிட்ட வந்து என்ர நெத்தியைப் பாத்திட்டுச் சொன்னா: "நெத்தியிலயா? எங்கட ஆக்கள் மூக்கிலதான் போடுறவை."

விரதம்

பிள்ளை திரும்ப மறியலுக்குப் போகக்கூடாதெண்டு தாய் முருகனுக்கு நேர்த்தி வைச்சா. அதால கந்தசஷ்டிக்குச் சுதன் வெறும் தண்ணியோட விரதம். அந்த நேரம் பாத்துத்தான் எங்கட போன் போச்சு. வந்து கோப்பையை நிரப்பினான்; பாத்தால் பச்சைத் தண்ணி. எங்கட தொழிலில, போதையை மறைக்கக் குடம் குடமாப் பச்சைத் தண்ணி குடிச்சவனுக்குத்தான் சலம் இப்பிடி இருக்கும். திரும்பக் குடுக்கட்டும், அதுவும் தண்ணியெண்டால் கோட்டில நீதவானுக்கு எழுதவேண்டி வரும் எண்டு பரோல் அதிகாரி சொல்லிப்போட்டா. கோட்டுக்குப் போனால் மிச்சத் தண்டனை உள்ளுக்கைதான்.

அடுத்த நாள் தாயும் மகனும் வந்திச்சினம். "தண்ணியைக் குறைச்சு, வடிவாச் சாப்பிட்டிட்டுப் பின்னேரம் வாங்கோ. இறைச்சி எண்டால் நல்லது, சலம் தண்ணியா இராது" எண்டா எங்கட லாப் டொக்டர். "அம்மான்ர நேர்த்தி, நான் முறிக்கமாட்டன்" எண்டு சுதன் கையைக் கட்டிக்கொண்டிருந்திட்டான். தாய் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தா. பிறகு றோட்டுக்கு அங்கால இருந்த, துருக்கிக்காரற்றை டோனர் இறைச்சிக் கடையைப் பாத்தா. "முருகன் பொறுப்பார், நீதவான் பொறுக்கமாட்டார். மிச்ச விரதத்தை நான் பிடிக்கிறன், நீ போய்ச் சாப்பிடடா. மாடு வேண்டாம், கோழி."

பின்னேரம்

வாயில உள்ளிப்பூண்டு மணக்க மணக்க வந்தான். கோப்பையை நீட்டினன். சட்டம் பாக்கச் சொன்ன இடத்தை விட்டுப்போட்டு நான் கோப்பையைப் பாத்துக் கும்பிட்டுக்கொண்டு நிண்டன். சோதினை மறுமொழி பிறகு வந்தது: போதையுமில்லை, தண்ணியுமில்லை, மறியலுமில்லை. ஆனால் அந்த மறுமொழி எங்களுக்குக் கோப்பை நிரம்பேக்கையே தெரிஞ்சு போச்சு. பெடியன் கத்தினான்: "சேர், மஞ்சளா வருகுது சேர்!"

பிள்ளை டொக்டர், எஞ்சினியர் எண்டு கை தட்டிற எங்கட சனத்துக்கை, ஒரு கோப்பை மஞ்சள் சலத்துக்குக் கை தட்டினவன் நான் ஒருத்தன்தான் எண்டதை உங்களிட்டச் சொல்லாமல் வேற ஆரிட்டப் போய்ச் சொல்லுறது?