எல்லப்பனுக்கு எத்தனை பிள்ளை?

சங்கரி கல்பாக்கம் குடியிருப்பில் வளர்ந்தவள். அப்பா ரவிச்சந்திரனுக்கு அணுசக்தி ஆராய்ச்சி மையத்தில் வேலை. அவர்கள் வரிசையில் ஆளுக்கொரு சொந்த ஊர், ஆளுக்கொரு பெயர். ‘ரவிச்சந்திரன் வீடு’ என்றால் போதும், தபால் வந்துவிடும். இந்தச் சௌகரியம்தான் பின்னாளில் அவளைக் கவிழ்த்தது.

2004-ல் அவள் குடும்பங்களைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஒரு பிள்ளை மாலையில் எவ்வளவு நேரம் படிக்கிறது? அதில் பிள்ளையின் பங்கு எவ்வளவு, வீட்டின் பங்கு எவ்வளவு, ஊரின் பங்கு எவ்வளவு? இதை மூன்று அடுக்காகப் பிரித்துக் காட்டும் புள்ளியியல் முறை ஒன்று உண்டு. மதுராந்தகம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் பிள்ளைகளை விசாரித்து, ஊரும் அப்பா பெயரும் ஒன்றாக இருந்தால் ஒரே வீடு என்று கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

வீட்டின் பங்கு கிட்டத்தட்டப் பூஜ்யம் என்று வந்தது.

வழிகாட்டிப் பேராசிரியர் ராகவன் பேசும் இரண்டு வார்த்தைக்கு நடுவே ஒரு காபி குடித்து முடிக்கலாம். “பாரும்மா... கூடப் பொறந்ததுங்க... பஸ் ஸ்டாண்டுல சந்திச்சிக்கிட்ட மாதிரி இருக்கே... யார் நம்புவா? திங்கக்கிழமைக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா... குடும்பம் பத்தின அத்தியாயத்தைத் தூக்கிடு.”

அதைத் தூக்கிவிட்டால் மிச்சம் முன்னுரைதான். சங்கரி செங்கல்பட்டில் பஸ் ஏறி, கணக்கில் ரொம்பவும் முரண்டு பிடித்த வீட்டைத் தேடிப் போனாள். அப்பா பெயர் எல்லப்பன்.

கதவைத் திறந்தவள் அவர் மனைவி வரலட்சுமி. கையில் மீன் கழுவிய ஈரம். குரல் ஏரிக்கரை வரைக்கும் கேட்கும்.

“எல்லப்பன் வீடுதானே அக்கா? உங்க சுஜாதா நல்லா படிக்கிறா. செல்வராஜ் ஏன் புக்கையே தொட மாட்டேங்கிறான்?”

“செல்வராஜா? அது யாரு?”

“உங்க பையன். உங்களுக்கு ஒன்பது பிள்ளைங்கன்னு கணக்குல வருதே!”

வரலட்சுமி உள்ளே திரும்பினாள். “யோவ்! இங்க வாய்யா! நான் பெத்தது ரெண்டு. மீதி எல்லாம் எந்த வூட்ல கீது?”

சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார் எல்லப்பன். “இன்னாமே இது பேஜாரு! ரெண்டையே என்னால மேய்க்க முடியல!”

சத்தம் கேட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். “இன்னா அண்ணாத்த, காலையிலயே?”

“நீங்க யாரு?” என்றாள் சங்கரி.

“எல்லப்பன். செல்வராஜு எம் புள்ளதாம்மா. இன்னா பண்ணான்?”

டீக்கடையிலிருந்து இன்னும் இருவர் வந்தார்கள். அவர்களும் எல்லப்பன்களே. அந்த ஊர்த் தெய்வம் எல்லையம்மன். தலைச்சன் ஆண் பிள்ளைக்கு அவள் பெயர்தான். டிராக்டர் எல்லப்பன், ரேஷன் கடை எல்லப்பன் என்று ஊர் பிரித்துக் கூப்பிடும். கம்ப்யூட்டர் பாவம், நான்கு குடும்பங்களை ஒரே கூரைக்குள் தள்ளிவிட்டது. பக்கத்து ஊர்களிலும் இதே கதைதான். சாமி மட்டும் வேறு.

நல்லவேளை, பிள்ளைகளிடம் அம்மா பெயரையும் கேட்டு வைத்திருந்தாள். அதையும் சேர்த்துப் பிரித்தவுடன் அண்ணன் தம்பிகள் அண்ணன் தம்பிகள் மாதிரி ஆனார்கள். வீட்டின் பங்கு ஊரின் பங்கைத் தாண்டி நின்றது.

“பாரும்மா...” என்றார் ராகவன். சங்கரி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். “குடும்பம்... பொழச்சிக்கிச்சு. அத்தியாயம் இருக்கட்டும்.”

அடுத்த வாரமே அவள் வரலட்சுமியிடம் போய் நின்றாள். “அக்கா, சரி பண்ணிட்டேன். உங்க வீட்டுக்காரருக்கு ரெண்டே பிள்ளைங்கதான்.”

“கேட்டுக்கினியா? தப்பிச்ச, போ!” என்று வரலட்சுமி உள்ளே குரல் கொடுத்தாள்.

எல்லப்பன் விட்ட பெருமூச்சு, சங்கரி ராகவன் அறையில் விட்டதைவிடப் பெரியது.