கந்தக வாசனை வந்த பெட்டி

பர்மாவிலிருந்து ஓடி வந்தவர்கள் வெடிகுண்டோடு வந்திருக்கிறார்கள் என்று நான் நம்பினேன். காற்றுவாக்கில் வந்த சேதியை நம்பவில்லை. என் மூக்கை நம்பினேன்.

அறுபதுகளின் நடுவில் நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில், வெடியுப்பும் கந்தகமும் கலக்கும் அறையில் எனக்கு வேலை. இருபத்தைந்து வயது. கண்ணைக் கட்டிவிட்டாலும் மோந்து பார்த்தே கலவையைச் சொல்லிவிடுவேன் என்று ஊருக்கெல்லாம் தெரியும். நானே சொல்லி வைத்திருந்தேன்.

பர்மாவில் பட்டாளத்துக்கும் கலகக்காரர்களுக்கும் நடந்த சண்டையில் வீடு எரிந்து, கப்பலேறி வந்த நாலைந்து குடும்பங்களை எங்கள் ஊர்ப் பருத்திக் கிட்டங்கியில் தங்க வைத்திருந்தார்கள். ஞாயிறுதோறும் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சுவது எங்கள் தெரு நர்ஸ் அக்கா. அண்டா தூக்குவது நான்.

அன்று உச்சி வெயில். மூடி நெளிந்த தகரப் பெட்டி ஒன்று வாசலில் கொதித்துக் கிடந்தது. பக்கத்தில் போனேன். கந்தகம். சந்தேகமே இல்லை. சண்டை நடந்த ஊரிலிருந்து வந்த பெட்டி, கிட்டங்கிக்குள்ளே பஞ்சுப் பொதிகள், சுற்றிப் பிள்ளைகள். எங்கள் தொழிலில் முதலில் தண்ணீர், பிறகுதான் விசாரணை. கைகழுவ வைத்திருந்த இரண்டு வாளியையும் பெட்டிமேல் கவிழ்த்துவிட்டு, வேட்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகத் தூணுக்குப் பின்னால் குப்புற விழுந்தேன்.

பெட்டிக்குச் சொந்தக்காரம்மா வந்தார். புருஷனைப் பறிகொடுத்து, இரண்டு பிள்ளைகளோடு வந்தவர்.

"தம்பி, ஏன் இங்கன படுத்திருக்கீக?"

"பெட்டி வெடிக்கப் போகுதுக்கா. தள்ளிப் போங்க."

அவர் பெட்டியைத் திறந்தார். மேலே, பிள்ளைகளின் சிரங்குக்குக் கப்பலில் கொடுத்த கந்தகக் களிம்பு டப்பா, சூட்டில் உருகி வழிந்திருந்தது.

"ஏலே, சிரங்குக் களிம்புக்குப் பயந்து குப்புற விழுந்த மொத ஆளு நீதாம்லே" என்றார் நர்ஸ் அக்கா. கிட்டங்கியே சிரித்தது. நானும் சிரித்தேன், வேட்டியைத் தேடிக்கொண்டே.

பெட்டிக்கார அக்கா மட்டும் சிரிக்கவில்லை. களிம்புக்கு அடியிலிருந்து நனைந்த காகிதம் ஒன்றை இரண்டு கையாலும் எடுத்தார். "இதைக் காட்டினாத்தான் சர்க்கார்ல அரிசி, துணி, தொழில் செய்யக் கடன் எல்லாம் தருவாகளாம்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

காகிதத்தைத் தீப்பெட்டி காயவைக்கிற தட்டில் விரித்து, ஊதி ஊதிக் காயவைத்தேன். மறுநாள் அவரை விருதுநகருக்கு பஸ்ஸில் கூட்டிப்போனேன். அதிகாரி காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முத்திரை கரைந்திருந்தது. நடந்ததை, வேட்டி உட்பட, ஒப்புக்கொண்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். கையெழுத்து மட்டும் போடவில்லை.

எங்கள் தெருவில் உலை வைக்கும் முன் வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசியைத் தருமத்துக்கென்று தனிப் பானையில் போடுவார்கள். பெட்டிக்கார அக்காவுக்குச் சர்க்கார் அரிசி வரும்வரை நர்ஸ் அக்கா அதைக் கிட்டங்கிக்குத் திருப்பிவிட்டார். சாக்கோடு வாசல் வாசலாகப் போவது எனக்குத் தண்டனை. "வெடிக்காதுல்ல?" என்று கேட்டுத்தான் ஒவ்வொரு வீட்டிலும் போட்டார்கள். பச்சரிசியும் புழுங்கலும் கலந்து, பாதி குழையும், பாதி வேகாது. அதன்மேல் கடலைமாவு கரைத்த சாற்றை ஊற்றி, வறுத்த வெங்காயம் தூவி, பெட்டிக்கார அக்கா பர்மாப் பக்குவத்தில் தருவார். கூச்சமில்லாமல் இரண்டாம் தரம் தட்டை நீட்டியிருக்கிறேன். அந்த ருசி பிறகு எங்கும் அகப்படவில்லை.

மாற்றுக் காகிதம் வர நாலு மாதம் ஆனது. மற்ற குடும்பங்களுக்கு முதல் மாதமே கடன் கிடைத்துவிட்டது. அவர் கடைசியாக வாங்கி, ஒரு தையல் மெஷின் போட்டார்.