சரோஜாவின் நிரையும் ஐந்து மரிம்பாக்களும்

1. ஜன்னல் வேலை

மரிம்பா சொல்லித்தர என்னை யாரும் கூப்பிடவில்லை. நெல்லியாளம் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளப் ஹாலுக்கு ஜன்னல் போடத்தான் போனேன். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். லாரி கிளீனர், ஹோட்டல், தச்சுப் பட்டறை என்று சுற்றி, கடைசியில் ஒரு கட்டட கம்பெனியோடு ஜிம்பாப்வே போய் மூன்று வருடம் சென்ட்ரிங் தச்சனாக இருந்தேன். மலேரியாவில் படுத்த ஒரு மாதம் வேலைக்குப் போக முடியவில்லை. கேம்புக்கு எதிரே சர்ச் வாசலில் தினமும் மரிம்பா வாசித்தார்கள். போர்வையோடு உட்கார்ந்து பார்த்தேன். ஒருநாள் என் கையிலும் குச்சியைக் கொடுத்தார்கள்.

மரிம்பா என்பது வரிசையாக அடுக்கிய மரப் பலகைகள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு குழாய். ரப்பர் தலை வைத்த குச்சியால் அடிக்க வேண்டும். பலகையின் அடியில், நடுவில் செதுக்கினால் சுருதி இறங்கும். ஓரத்தில் செதுக்கினால் ஏறும். ஜன்னலுக்கு மிஞ்சிய சில்வர் ஓக்கில் ஒன்று செய்து பார்த்தேன். குழாய்க்கு பிவிசி பைப். கொழுந்து எடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பிய பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர்களில் வாய்த்துடுக்கானவள் பிலோமினா.

"ஏங்க, இது கல்யாணத்துக்கு அடிக்கிறதா, சாவுக்கு அடிக்கிறதா?"

ரெண்டுக்கும்தான் என்றேன்.

"அப்ப உள்ள வரலாம்."

அப்படி ஆறு பேர் சேர்ந்தார்கள். இந்த ஊர் ஈரத்தில் பலகை மந்தமாக ஒலித்ததால், ஃபேக்டரி டிரையர் பக்கத்தில் இரண்டு வாரம் அடுக்கிக் காயவைத்து, இன்னும் நாலு மரிம்பா செய்தோம். ஐந்து பேருக்கு மரிம்பா. பிலோமினாவுக்கு இரண்டு கிலுகிலுப்பை. பால் பவுடர் டப்பாவில் கல்வாழை விதை போட்டது.

2. நிரை

மரிம்பாவில் முழுப் பாட்டை யாரும் வாசிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் துண்டு. அதையே திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். ஐந்து துண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழும்போதுதான் பாட்டு வரும். இதை விளக்கத் தெரியாமல் தவித்தேன். அதிகம் பேசாத சரோஜாதான் கேட்டாள், "நெரை மாதிரிங்களா மாஸ்டர்?"

தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும் ஒவ்வொருத்திக்கும் ஒரு வரிசைச் செடி. அதுதான் அவள் நிரை. அன்றிலிருந்து "உங்க நெரையிலயே நில்லுங்க" என்பதே என் பாடமாகிவிட்டது. நன்றாகவே வந்தது.

பிறகு எஸ்டேட் வெல்ஃபேர் ஆபீசர் வந்தார். உரம் வைக்க இடமில்லை, ஹால் வேண்டும் என்றார். பெண்கள் விடவில்லை.

"சரி, சனிக்கிழமை ஒரு பாட்டு நிக்காம வாசிச்சுக் காட்டுங்க. இல்லைன்னா திங்கக்கிழமை மூட்டை எறக்கிருவோம்."

ஒற்றை அறை லயத்தில் இருப்பவர்களுக்கு சாயங்காலம் போக வேறு இடம் கிடையாது.

வியாழக்கிழமை பயிற்சியில் சரோஜாவுக்கு நடுவில் துண்டு தவறியது. பக்கத்தில் இருந்த தேவி தன் துண்டை விட்டுவிட்டு சரோஜாவின் துண்டை வாசிக்கத் தொடங்கினாள். அடுத்தவளும் அப்படியே. ஒரு நிமிடத்தில் ஐந்து பேரும் ஒரே துண்டை அடித்தார்கள். பாட்டைக் காணோம். முகங்களில் மட்டும் திருப்தி. ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

"அவ பின்னாடி நிக்கிறாள்ல, பாத்துட்டுப் போக முடியுமா?" என்றாள் தேவி.

மலையில் தன் நிரையை முடித்தவள், பின்தங்கியவளின் நிரைக்குள் இறங்கிக் கொழுந்து எடுத்துக் கொடுப்பாள். அது இங்கே வழக்கம். நான் நிரையை மட்டும் எடுத்துக்கொண்டேன்; அதோடு வந்த இதைப் பார்க்கவில்லை. போகக் கூடாது என்றேன். தலையாட்டினார்கள். கை மட்டும் போனது. வெள்ளிக்கிழமையும் அதே கதை.

"என்னைய எடுத்துருங்க மாஸ்டர். நா கதவோரம் உக்காந்து கேட்டுக்கறேன்" என்றாள் சரோஜா.

அவள் துண்டுதான் இருப்பதிலேயே சின்னது. இல்லாவிட்டாலும் ஆபீசருக்குத் தெரியாது. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவள எடுத்தா இந்த டப்பாவையும் நீங்களே ஆட்டிக்கங்க" என்றாள் பிலோமினா. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "இவளுகளுக்கு நெரை இருக்கு, நகரக் கூடாது. எனக்குத்தான் நெரையே இல்லையே. நா அவகிட்ட போறேன்."

3. சனிக்கிழமை

ஆபீசர் பிளாஸ்டிக் நாற்காலியில் கையில் போனோடு உட்கார்ந்தார். திறந்த ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்துகொண்டிருந்தது. பாட்டு பாதி தாண்டியபோது சரோஜாவின் குச்சி நின்றது. தேவி திரும்பிப் பார்த்தாள், கையும் எழுந்தது. அதற்குள் பிலோமினா தேவியைத் தாண்டிப் போய், சரோஜாவின் காதருகே டப்பாவை ஆட்டத் தொடங்கியிருந்தாள். தேவியின் கை தன் பலகைக்கே திரும்பியது. நாலு துண்டு ஓடியது. ஐந்தாவதன் இடம் காலியாக இருப்பது எல்லோருக்கும் கேட்டது.

"எங்க போயிருவ? வா" என்றாள் பிலோமினா, தாளத்தை விடாமல்.

மூன்றாவது சுற்றில் சரோஜா வந்து சேர்ந்தாள்.

முடிந்ததும் ஆபீசர் கேட்டது ஒன்றுதான். "அந்தம்மா நடந்து போனது பாட்டுலயே இருக்கறதா?"

இருக்குங்க என்றேன். உரம் ஃபேக்டரி பின்னால் ஒரு ஷெட்டுக்குப் போனது.

ஜிம்பாப்வேயிலும் கிலுகிலுப்பைக்காரர் நடந்துகொண்டேதான் வாசிப்பார். என்னைப் போல ஓரிடத்தில் நிற்காத ஆள் என்று நினைத்தேன். ஏன் நடக்கிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை. காரணம் இதுதானா என்று இப்போதும் தெரியாது.

ஆனால் இப்போது வேறு எஸ்டேட்டுகளிலும் சொல்லித்தருகிறேன்; புதிதாக வகுப்பு தொடங்கும்போது, இங்கே ஒருவர் பின்தங்கினால் மற்றவர்கள் என்ன செய்வீர்கள் என்று முதலில் கேட்கிறேன். குச்சியைக் கையில் கொடுப்பது அதற்கப்புறம்தான்.