கோட்டுக்கு வெளியே ஒரு பாய்லர்

வித்துகளிலிருந்து எண்ணெய் பிரிக்கப் பெட்ரோலியக் கரைப்பான் வேண்டாம், ஆரஞ்சுத் தோலிலிருந்து எடுத்த கரைப்பானே போதும் என்று சொல்லித்தான் பேராசிரியர் பெரிய மனிதர் ஆனார். இருபத்திரண்டு வருடங்களாக அரைத்த மாவையே அரைத்து இரண்டு விருது, ஏழு வெளிநாட்டுப் பயணம், வாசலில் பச்சை எழுத்தில் பெயர்ப்பலகை. அவருடைய ஆய்வுக்கூடம் கமகமவென்று மணக்கும். வந்து பார்க்கிற அதிகாரிகள் மூக்கை உறிஞ்சி மெய்மறந்து போவார்கள்.

பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேலை பார்க்கும் பாய்லர்காரருக்குக் கிடைத்தது டீசல் புகை. எண்ணெயில் கலந்த கரைப்பானைக் கொதிக்கவைத்துத்தான் மீட்க வேண்டும். பழைய பெட்ரோலியக் கரைப்பான் எழுபது டிகிரியில் ஆவியாகிக் கிளம்பிவிடும். இந்த ஆரஞ்சு மகராசனுக்கு நூற்றெழுபதுக்கு மேல் வேண்டும். அவ்வளவு சூடும் பாய்லரிலிருந்து போகிறது. பேராசிரியரின் கட்டுரைகளில் ஆலைப் படத்தைச் சுற்றி ஒரு புள்ளிக்கோடு இருக்கும். அதற்குள் இருப்பது மட்டும்தான் எரிபொருள், மாசுக் கணக்கில் வரும். அந்தக் கோடு பின்சுவரோடு நின்றுவிடும். இத்தனை படிப்பும் இப்படிக் கோடு போடத்தானா என்று பாய்லர்காரர் காறித் துப்பாத நாளில்லை.

ஐந்தாம் வருட ஆய்வு மாணவி ஒருநாள் வந்து, மணிக்கு எத்தனை லிட்டர் டீசல் என்று கேட்டாள். பதினெட்டு என்றார். அவள் தன் ஆய்வேட்டில் அந்தக் கோட்டை நீட்டிப் பாய்லரையும் உள்ளே சேர்த்தாள். பேராசிரியர் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டார்.

"பாய்லர் நம்ம டிபார்ட்மெண்ட் இல்லம்மா," என்றாராம்.

அவர் கையெழுத்து இல்லாமல் பட்டம் இல்லை. பட்டம் இல்லாமல் அடுத்த மாதம் சேர வேண்டிய வேலையும் இல்லை. அவள் பாய்லரைப் படத்திலிருந்து அழித்தாள்.

வாய்மொழித் தேர்வை யாரும் வந்து கேட்கலாம் என்பதால் பாய்லர்காரர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அம்மாள் படத்தைப் பார்த்ததுமே, சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். மாணவி வாய் திறக்குமுன் பேராசிரியர் முந்திக்கொண்டார்.

"கவனிக்காம விட்டுட்டா மேடம். இன்னும் ஒரு வருஷம் வேலை பார்க்கட்டும்."

பாய்லர்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்தார்.

"அந்தப் பொண்ணு எழுதியிருந்துச்சும்மா. இவர்தான் அடிச்சாரு."

"இவர் யாருன்னே எனக்குத் தெரியாது," என்றார் பேராசிரியர். அன்று அவர் சொன்ன உண்மை அது ஒன்றுதான்.

மாணவி சிவப்பு மை விழுந்த பழைய பக்கத்தைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். தேர்வாளர் படித்துப் பார்த்து, அதைத் திரும்பச் சேர்த்து அன்றே பட்டத்துக்குப் பரிந்துரை எழுதச் சொன்னார். பேராசிரியர் கையெழுத்துப் போட்டபோது முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் காலை அவர் முதல்முறையாகப் பாய்லர் அறைக்கு வந்தார். பாய்லர்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். போகட்டும், மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடலாம் என்று மனசு இளகியும்விட்டது. பேராசிரியர் உட்காரவில்லை. பாய்லரையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று தான் புதிதாகக் கண்டுபிடித்திருப்பதாகவும், அடுத்த வார மாநாட்டுக்கு ஒரு போட்டோ வேண்டும் என்றும் சொல்லிப் போனை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. போட்டோல விழறீங்க."

தள்ளி நின்றார். நாற்காலி துடைத்த தன்னைத்தான் அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.