எண்பத்தாறு பேரில் ஒருத்தி

"கையை இறுக்கி மூடுங்க. மூடுங்கன்னா மூடணும், சும்மா மடக்கிக் காட்டக் கூடாது."

முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டிக்கொண்டே அதட்டுகிறார் ஊசி அக்கா. எதிர் நாற்காலியில் இருப்பவர் ஒரு வங்கி மேலாளர். காதில் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

"யாரு பாடுறது?"

மேலாளர் விழிக்கிறார். "தெரியலைங்க. ஏதோ வருது, கேக்குறேன்."

"சாப்பிட்டுட்டு யாரு சமைச்சாங்கன்னு கேக்க மாட்டீங்களா?" சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய், குழாயில் ரத்தம் ஏறுகிறது. மேலாளர் முகம் சுளித்தது வலியாலா வெட்கத்தாலா என்று தெரியவில்லை.

எங்கள் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனை அறையில் பத்தொன்பது ஆண்டுகளாக அக்கா உட்கார்ந்திருக்கிறார். நான் இரண்டு கதவு தள்ளி எக்ஸ்ரே எடுப்பவன். யாருக்கும் நரம்பு அகப்படாத கைக்குழந்தைகளை இவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடிவருவார்கள். கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோபம் ஒருநாளும் விரல் வரை இறங்கியதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி விற்கும் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் ஒரு கூடத்துக்குப் போவார். பெயர் தெரியாத பாட்டுக்காரர்கள் அங்கே வந்து பாடுவார்கள். நாற்பது நாற்காலி போட்டிருப்பார்கள், பதினைந்து நிறைந்தால் திருவிழா. வாசலில் நிற்பவர் பழக்கதோஷத்தில், "வாங்கக்கா, உங்களுக்கு எதுக்கு டிக்கெட்?" என்பார். "ஏன், அவன் தொண்டை உங்க அப்பன் வீட்டு மைக்கா?" என்று கேட்டுவிட்டு, டிக்கெட்டை வாங்கிக்கொண்டுதான் உள்ளே போவார். ஒரு கிதார்க்காரருக்கு அறுந்த கம்பி வாங்கிக் கொடுத்ததும், இரண்டு சகோதரிகளுக்குப் பதிவுக்கூட வாடகையில் பாதியைக் கட்டியதும் எனக்குத் தெரிந்தவை. தெரியாதவை எத்தனையோ.

அக்காவின் கணவர் பேருந்து ஓட்டுநர், சாது. "எல்லாரும் சந்தோஷத்துக்குச் செலவு பண்ணுவாங்க. இவ கோபத்துக்குச் செலவு பண்றா," என்பார்.

அந்தக் கூடத்தில்தான் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பாட்டை அக்கா முதலில் கேட்டார். அன்றைக்குக் கூடத்தில் ஒன்பது பேர். அந்தப் பெண் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டுப் பாடினாள். அதில் ஒரு பாட்டு, நாள் முழுக்க வரிசையில் நின்று, தன் முறை வரும்போது ஜன்னல் மூடப்படுவதைப் பார்க்கும் ஒருத்தியைப் பற்றியது. அக்கா அதைக் கைபேசியில் பிடித்துக்கொண்டு வந்து மறுநாள் கேண்டீனில் போட்டார். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சின்னம்மா குழாயை நிறுத்தினார்.

"யாரும்மா இவ, என் கதையை எடுத்துப் பாடுறவ?"

அந்த ஒரு வார்த்தை போதும் என்று ஆகிவிட்டது. ஆல்பம் போட எவ்வளவு ஆகும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டு வந்து, அக்கா எங்கள் மேல் பாய்ந்தார். காவலாளி, லிப்ட் இயக்குபவர், மருந்துக் கிடங்குக்காரர், பிரசவ வார்டு நர்சுகள், நான் என்று ஒருவரையும் விடவில்லை. "இது தானமும் இல்ல, கடனும் இல்ல. அவ யாருமில்லாதப்ப நாம கேட்டோம்கிறதுக்கு சாட்சி," என்றார். சின்னம்மா ஒருநாள் கூலியை நாலாய் மடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். கடைசியில் எண்பத்தாறு பேர் சேர்ந்தோம். இசைத்தட்டின் உறைக்குள்ளே ஒரு பக்கத்தில் எண்பத்தாறு பெயரும் அச்சாகும் என்று அந்தப் பெண் எங்கள் கேண்டீனில் நின்று சொன்னாள். சத்தியம் ஒன்றும் செய்யவில்லை. அவள் முகத்தைப் பார்த்தால் சத்தியம் கேட்கத் தோன்றாது.

பதிவு முடிந்தது. வரிசைப் பாட்டு கைபேசி கைபேசியாகப் பரவியது. ஊரே முணுமுணுக்க ஆரம்பித்ததும், அதுவரை எங்கே இருந்தது என்று தெரியாத ஓர் இசைத்தட்டுக் கம்பெனி வந்து அவளை அள்ளிக்கொண்டு போனது.

ஒருநாள் காலையில், கொடுத்த பணம் இரண்டு மடங்காக எங்கள் எல்லோருக்கும் திரும்பி வந்தது. வார்டு முழுக்கச் சிரிப்பு. மறைக்க என்ன இருக்கிறது, நான் அந்தப் பணத்தில் செருப்பு வாங்கினேன். அடுத்த வாரம் ஆல்பம் கடைக்கு வந்தது. உறைக்குள் எங்கள் பெயர்கள் இருக்க வேண்டிய பக்கத்தில் ஒரு குளிர்பான பாட்டில் வியர்த்துக்கொண்டு நின்றது. பின்புறம், 'இந்தக் குரலைக் கண்டெடுத்தது' என்று போட்டு, கீழே கம்பெனியின் பெயர்.

சின்னம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உறையை இப்படியும் அப்படியும் திருப்பினார். "எம் பேரு எந்தப் பக்கம் இருக்கு?"

அக்கா என்னைப் பார்த்து, "வண்டியை எடுங்க," என்றார்.

மதிய உணவு நேரம். வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கம்பெனி அலுவலகத்துக்குள் நுழைந்தார். கண்ணாடி அறை, மெத்தென்ற நாற்காலி. எதிரே வாசனை கமழ ஓர் அதிகாரி. காபி வந்தது. அக்கா தொடவில்லை.

"உங்க பணம்தான் டபுளா வந்துடுச்சே மேடம். இன்னும் என்ன குறை?"

"நான் உங்ககிட்ட வட்டிக்கா விட்டேன்?"

"எண்பத்தாறு பேரைப் போட்டா டிசைன் கெட்டுடும்."

"பாட்டிலைப் போட்டா கெடாதா?"

அவர் சிரித்தார். "ரசிகர்கள் கைதட்டணும் மேடம். முதலாளி ஆகணும்னு நினைக்கக் கூடாது."

அக்கா எழுந்துவிட்டார். "அவளுக்குத் தொண்டை கட்டினப்ப வெந்நீர் வச்சுக் கொடுத்தது நாங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க? மரம் காய்ச்சதுக்கு அப்புறம் வேலி போட வந்துட்டு, தண்ணி ஊத்தினவங்களுக்குக் கூலி கொடுத்து அனுப்புறீங்களா? காசைத் திருப்பிட்டா நாங்க செஞ்சது இல்லைன்னு ஆயிடுமா?" குரல் கேட்டு வெளியே தட்டச்சு சத்தமெல்லாம் நின்றுவிட்டது. அதிகாரி காவலாளியைக் கூப்பிட மணியை அழுத்தினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். புதுச் செருப்பு கண்ணில் பட்டது.

படிக்கட்டில் நின்றே அக்கா அந்தப் பெண்ணைக் கைபேசியில் பிடித்தார். அவள் அழுதது எனக்கும் கேட்டது. "கையெழுத்துப் போட்டுட்டேன் அக்கா. பன்னிரண்டு பக்கம். படிக்கலை."

"ஊர்ப் பத்திரத்தையெல்லாம் பிரதி எடுத்தவ, உன் பத்திரத்தைப் படிக்கலையா? என்கிட்ட அழாதே. வந்து சின்னம்மாகிட்ட சொல்லு."

ஆறு மாதம் அவள் வரவில்லை. அக்கா அந்தப் பாட்டு ஒலித்த இடங்களிலிருந்தெல்லாம் எழுந்து போனார். காத்திருப்போர் அறைத் தொலைக்காட்சியில் அவள் முகம் வந்தால் போய் அணைத்துவிடுவார். நோயாளிகள் முறையிட்டார்கள். மேலதிகாரி விளக்கம் கேட்டுக் காகிதம் அனுப்பினார். 'கோபமாக இருந்தேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தார்.

போன மாதம், ஒரு புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, முகத்தை மூடிக்கொண்டு அவள் கேண்டீனுக்கு வந்தாள். கையில் இரண்டு அட்டைப்பெட்டி. எண்பத்தாறு இசைத்தட்டுகள், தன் காசில் வாங்கியவை. ஒவ்வொன்றின் உறைக்குள்ளும் பாட்டிலின் மேல் ஒரு தாளை ஒட்டியிருந்தாள். தாள் நிறைய எங்கள் பெயர்கள். பசை அங்கங்கே பிதுங்கி நின்றது.

முதல் தட்டைச் சின்னம்மாவிடம் கொடுத்து, "தப்புப் பண்ணிட்டேன்," என்றாள். சின்னம்மா விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒவ்வொரு பெயராகப் படித்தார். நாற்பத்தோராவதில் விரல் நின்றது.

"சரியாத்தான் போட்டிருக்கே," என்றார். "சரி, அந்த வரிசைப் பாட்டைப் பாடு. இவ்வளவு நாளா டப்பாவுலதான் கேக்குறேன்."

அவள் தலை கவிழ்ந்தது. "பாடக் கூடாது சின்னம்மா. அவங்க அனுமதி இல்லாம நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்தா கேஸ் போடுவாங்க."

அக்கா அதுவரை சுவரோரமாக நின்றிருந்தார். அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தனக்கு நீட்டிய தட்டையும் வாங்கவில்லை. இப்போது நடந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். டீ போடுகிறவரைப் பார்த்து அடுப்பை அணைக்கச் சொன்னார். கேண்டீன் கதவை இழுத்துச் சாத்தினார். அதற்குத் தாழ்ப்பாள் கிடையாது. திரும்பி, கதவில் முதுகைச் சாய்த்து, காலை அகல ஊன்றி, கையைக் கட்டிக்கொண்டார்.

"பாடு. எவன் வர்றான்னு நான் பாத்துக்குறேன்."

முதல் வரி பிசிறடித்தது. இரண்டாவது வரியில் குரல் நிமிர்ந்தது. சின்னம்மா பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வெளியிலிருந்து யாரோ, "டீ இருக்கா?" என்று கதவைத் தள்ளினார்கள். கதவு ஒரு விரற்கடை திறந்தது. ஊசி அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. முதுகாலேயே ஓர் அழுத்து அழுத்தினார். கதவு மூடிக்கொண்டது.